வலிக்காத கட்டியும் வளரும்

(தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



குடும்ப நலக் கூட்டம் என்றால் பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி விடுவது, கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை, குழந்தைக்குத் தடுப்பூசி, இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று பேசப்போவது மார்பகப் புற்றுநோயைப் பற்றி. ஆண்கள் யாரும் எழுந்து போய்விட வேண்டாம். கடைசியில் சொல்லப்போகும் வேலையில் பாதி உங்களுடையது.

நம் நாட்டுப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இன்று முதலிடத்தில் இருப்பது இதுதான். 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பட்டணத்தில் அதிகம் என்பது உண்மை. அதற்காகக் கிராமத்துக்கு வராது என்று யாரும் எண்ண வேண்டாம்.

"யார் செய்த பாவமோ", "யார் கண் பட்டதோ" என்று சொல்லுவார்கள். இது பாவத்தால் வருவதுமில்லை, கண்ணேறால் வருவதுமில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. பின் எப்படி வருகிறது? அதைப் புரிந்துகொண்டால் வைத்தியமும் புரியும். பயமும் பாதி போய்விடும்.

மார்பகம் எப்படி வளருகிறது?

நம் உடம்பு முழுவதும் செல் என்னும் மிகச் சிறிய அறைகளால் ஆனது. வீட்டுச் சுவரில் செங்கல் மாதிரி. ஆனால் செங்கல்லுக்கு உயிர் இல்லை. செல்லுக்கு உயிர் உண்டு. ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும். அப்படித்தான் உடம்பு வளருகிறது.

மற்ற உறுப்புகளைப் போல மார்பகம் பிறக்கும்போதே முழுதாக உருவாகி வருவதில்லை. பெண் வயசுக்கு வரும்போது ஒருமுறை வளருகிறது. கர்ப்பமானால் பால் சுரப்பிகள் பல மடங்கு பெருகுகின்றன. குழந்தை பால் குடிக்கிற காலம் முழுவதும் வேலை செய்கின்றன. பால் மறக்கடித்த பிறகு பெருகிய செல்களில் பெரும்பாலானவை தாமாகவே அழிந்து, மார்பகம் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

உங்கள் வீட்டுப் பசுவைப் பாருங்கள். சினையாகி மாதம் நெருங்கும்போது மடி இறங்குகிறது. கன்று ஈன்றதும் பால் கறக்கிறது. கறவை நின்றால் மடி வற்றிவிடுகிறது. அடுத்த ஈற்றுக்கு மறுபடி நிறைகிறது. எப்போது வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அந்த மடிக்கு யார் சொல்லுகிறார்கள்?

செல்லுக்கும் செவி உண்டு

உடம்பு சேதி அனுப்புகிறது. சினைப்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரு சேதி. அது இரத்தத்தில் கலந்து மார்பகம் வரைக்கும் வருகிறது. இது தூரத்திலிருந்து வரும் தபால் மாதிரி. பக்கத்துச் செல்லுக்குப் பக்கத்துச் செல் அனுப்பும் சேதியும் உண்டு. அதற்கு வளர்ச்சிக் காரணி என்று பெயர். இது திண்ணையிலிருந்து எதிர்வீட்டுக்குக் குரல் கொடுப்பது மாதிரி.

சேதி வந்தால் போதுமா? கேட்கக் காது வேண்டாமா? ஒவ்வொரு செல்லிலும் குறிப்பிட்ட சேதியைக் கேட்பதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. நாம் அவற்றைச் செவி என்றே வைத்துக்கொள்வோம். செவி உள்ள செல்லுக்குத்தான் சேதி கேட்கும்.

நல்ல மார்பகத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனைக் கேட்கும் செல் பெரும்பாலும் தான் பெருகுவதில்லை. "வளரலாம்" என்று பக்கத்துச் செல்லுக்கு வளர்ச்சிக் காரணி மூலம் சொல்லுகிறது. பெருகுவது அந்தப் பக்கத்துச் செல்தான். கூட்டுறவுச் சங்கத்தில் தலைவரும் செயலாளரும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தானே பணம் எடுக்கலாம்? அது மாதிரி. ஒருவர் மட்டும் நினைத்து எதுவும் செய்துவிட முடியாது. இதோடு "நிறுத்து" என்று சொல்லும் சேதிகளும் தனியாக இருக்கின்றன. வளர் என்பதும் நிறுத்து என்பதும் சரிக்குச் சரியாக இருப்பதால்தான் மார்பகம் அளவோடு இருக்கிறது.

கட்டுப்பாடு கெட்டால் புற்றுநோய்

ஒரு செல் இரண்டாகும் ஒவ்வொரு தடவையும் அதற்குள் இருக்கும் மரபணு என்ற எழுத்தை முழுதாகப் படியெடுக்க வேண்டியிருக்கிறது. பத்திரத்தை நகல் எடுக்கும்போது எப்போதாவது ஒரு எழுத்து விட்டுப்போவதில்லையா? அதுபோல இங்கும் பிழை விழும். பெரும்பாலான பிழைகளை உடம்பே திருத்திவிடும். திருந்தாத பிழைகள் பல வருடங்களாகச் சேர்ந்துகொண்டே போனால் செல் கட்டுப்பாடு மீறுகிறது. வயது ஏற ஏற இந்நோய் அதிகமாக வருவதற்கு இது ஒரு காரணம்.

எப்படியெல்லாம் மீறுகிறது?

முதலாவது, ஈஸ்ட்ரோஜனைக் கேட்ட செல் பக்கத்துச் செல்லுக்குச் சொல்லாமல் தானே பெருகத் தொடங்குகிறது. இரண்டு கையெழுத்து வேண்டிய இடத்தில் ஒரே ஆள் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுப்பது போல. மார்பகப் புற்றுநோய்களில் 100-க்குச் சுமார் 70 ஈஸ்ட்ரோஜன் செவி உள்ளவை.

இரண்டாவது, வளர்ச்சிக் காரணியைத் தானே தயாரித்து அதைத் தானே கேட்டுக்கொள்கிறது. தனக்குத் தானே கடிதம் எழுதிப் படிப்பது மாதிரி.

மூன்றாவது, செவிகளைக் கூட்டிக்கொள்கிறது. ஹெர்-2 என்ற செவி நல்ல செல்லின் மேல் அளவாக இருக்கும். சில புற்றுநோய்ச் செல்களில் இது பல மடங்கு பெருகிவிடுகிறது. நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் செவிகள், வெளியிலிருந்து சேதி வராமலே "வளர், வளர்" என்று செல்லுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும். மார்பகப் புற்றுநோய்களில் 100-க்கு 15 முதல் 20 வரை இந்த வகை.

நான்காவது, "நிறுத்து" என்ற சேதியைக் காதில் வாங்குவதே இல்லை.

இப்படி ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் போகிறது. முப்பது தடவை இரட்டித்தால் எவ்வளவு தெரியுமா? 100 கோடிக்கும் மேல். சுண்டைக்காய் அளவுக் கட்டியில் ஏறத்தாழ அவ்வளவு செல்கள் இருக்கும். அதாவது கைக்குத் தட்டுப்படும் கட்டி நேற்று முளைத்தது அல்ல. பல வருடங்கள் சத்தமில்லாமல் வளர்ந்து வந்திருக்கிறது. அடுத்த ஒரு தடவை இரட்டித்தால் 200 கோடி. இந்தக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடலாமா?

பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது.

"ஏங்க, இங்க ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லீங்க."

"அப்ப ஒண்ணும் இருக்காது. அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்."

அறுப்பு முடியும். அடுத்து மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். அப்புறம் பிள்ளைக்குப் பரீட்சை. அப்புறம் நாத்தனார் வீட்டு விசேஷம். இப்படி ஒரு வருஷம் ஓடிவிடும். ஆஸ்பத்திரிக்கு வரும்போது கட்டி எலுமிச்சம்பழ அளவு ஆகி, அக்குளிலும் நெறி கட்டியிருக்கும்.

இதில் புருஷன் கொடுமைக்காரனும் இல்லை, மனைவி விவரம் கெட்டவளும் இல்லை. வலித்தால்தான் வியாதி என்று இருவரும் நம்பியதுதான் தவறாகப் போயிற்று. ஆரம்பத்தில் மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதே இல்லை. புண்ணானால் வலிக்கும், சீழ் பிடித்தால் வலிக்கும். இது நம் செல்லே பெருகுவது. ஆகவே வெகுநாள் வரை உடம்புக்குத் தெரிவதில்லை.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம் பெண்களுக்கு உருண்டையாக, தொட்டால் நழுவும் சாதாரணக் கட்டிகள் வரும். பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும். எது எது என்று கையால் தொட்டு நாமே முடிவு செய்ய முடியாது. பால் கட்டு என்று நினைத்ததும் இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மருந்து பிறந்த கதை

வைத்தியம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மாட்டுத் தொழுவத்தில்! ஸ்காட்லாந்து நாட்டில் ஜார்ஜ் பீட்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். பால் சுரப்பைப் பற்றி ஆராய்ந்தவர். கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் கறவை நீடிக்கும் என்று சில நாடுகளில் விவசாயிகள் கண்டுவைத்திருந்தார்கள். இதை அவர் கவனித்தார். சினைப்பைக்கும் மடிக்கும் தொடர்பு இருக்கிறதென்றால் மார்பகக் கட்டிக்கும் இருக்க வேண்டுமே என்று யோசித்தார். முற்றிய புற்றுநோய் உள்ள பெண்களுக்குச் சினைப்பையை எடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. 1896-ல் இதை வெளியிட்டார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே அப்போது கிடையாது.

வளர்ச்சிக் காரணியின் கதையும் இப்படித்தான். அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் என்ற விஞ்ஞானி, எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை எலிக்குஞ்சுகளுக்கு ஊசியில் ஏற்றினார். குஞ்சுகள் வழக்கத்துக்கு முன்னாலேயே கண் திறந்தன, பல்லும் சீக்கிரம் முளைத்தது. "வளர்" என்று சொல்லும் பொருள் அந்தச் சாற்றில் இருப்பதைப் பிரித்துக் காட்டினார். இதற்காக 1986-ல் அவருக்கும், அவரோடு வேலை பார்த்த ரீட்டா லெவி மொன்டால்சினி அம்மையாருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சேதியைக் கேட்கும் செவியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நாம் பார்த்த ஹெர்-2. 1987-ல் டெனிஸ் ஸ்லாமன் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும், இந்தச் செவி பெருகிய புற்றுநோய் வேகமாகத் திரும்ப வருகிறது என்று கண்டார்கள்.

செவியை அடைக்கும் மருந்துகள்

இப்போது கட்டியிலிருந்து ஊசி மூலம் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கிறார்கள். புற்றுநோயா இல்லையா என்று பார்ப்பதோடு அதற்கு என்னென்ன செவிகள் இருக்கின்றன என்றும் பார்க்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் செவி, புரோஜெஸ்டிரோன் செவி, ஹெர்-2 செவி என்று மூன்று.

ஈஸ்ட்ரோஜன் செவி இருந்தால் டாமாக்சிஃபென் என்ற மாத்திரை. 1970-களிலிருந்து பயன்பட்டு வருகிறது. செவியில் பஞ்சு வைத்து அடைத்தது மாதிரி, ஈஸ்ட்ரோஜன் சேதி கேட்காமல் செய்துவிடும். தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தயாராவதையே தடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகளும் உண்டு.

ஹெர்-2 பெருகியிருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து. அந்தச் செவியை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன்பு விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2014-ல் இந்தியாவிலேயே தயாரான இதே வகை மருந்து வந்த பிறகு விலை இறங்கியிருக்கிறது.

மூன்று செவியும் இல்லாத கட்டியும் உண்டு. நம் நாட்டில் இந்த வகை மேல்நாடுகளைவிட அதிகம். இதற்குக் கீமோதெரபி மருந்துகள் இருக்கின்றன. மனம் தளர வேண்டாம்.

எந்த வகையானாலும் ஆபரேஷன், கதிர்ச் சிகிச்சை, மருந்து இவற்றில் எது எவ்வளவு என்று டாக்டர் முடிவு செய்வார். கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்தால் பலருக்கு மார்பகம் முழுவதையும் எடுக்க வேண்டிய அவசியம் இருக்காது.

மாத்திரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, இனி எதுக்கு மாத்திரை?" என்று ஒரு வருடத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் செல்லின் செவியை அந்த மாத்திரைதான் அடைத்து வைத்திருக்கிறது. பஞ்சை எடுத்தால் மறுபடி கேட்கும். இந்த வகைப் புற்றுநோயில் டாமாக்சிஃபெனை ஐந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிடையே, நோயால் ஏற்படும் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மாத்திரை சாப்பிடும் காலத்தில் உடம்பு திடீரென்று தகிப்பது போல் இருக்கலாம். சொன்னால் டாக்டர் வழி சொல்லுவார். மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் பட்டால் உடனே சொல்ல வேண்டும். டாமாக்சிஃபென் சாப்பிடும்போது கர்ப்பம் கூடாது. அதற்குக் காப்பர்-டி, ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத முறையே ஏற்றது.

நீங்கள் கேட்கும் சந்தேகங்கள்

"ஊசி குத்தினால், கத்தி வைத்தால் பரவிவிடும் என்கிறார்களே?"
இல்லை. சோதனை ஊசியால் நோய் பரவுவதில்லை. சோதிக்காமல் காலம் கடத்தும்போதுதான் பரவுகிறது.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தால் புற்றுநோய் வருமா?"
வராது. அதில் கருக்குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். சினைப்பை அப்படியே இருக்கிறது.

"மாலா-என் மாத்திரை?"
சாப்பிடும் காலத்தில் நோய் வரும் வாய்ப்பு மிகச் சிறிதளவு கூடுகிறது. நிறுத்தியபின் நாளடைவில் அதுவும் குறைந்துவிடுகிறது. இளம் வயதில் அந்த வாய்ப்பே குறைவு. எனவே பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்த பெண் சாப்பிடக் கூடாது. கட்டி இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

"தாய்ப்பால் கொடுத்தால் அழகு கெடும் என்கிறார்களே?"
தாய்ப்பால் குழந்தைக்கு உணவு, தாய்க்குக் காவல். மொத்தமாக ஒவ்வொரு 12 மாதம் பால் கொடுப்பதற்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 100-க்கு 4 பங்கு அளவில் குறைகிறது என்று 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002-ல் சொன்னார்கள். ஆனாலும் பால் கொடுத்தவர்களுக்கு வரவே வராது என்று அர்த்தமில்லை.

"அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வருமா?"
100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் பரம்பரையாக வந்த மரபணு காரணம். தாய், அக்கா தங்கை, சித்தி, பெரியம்மா, அத்தை என்று குடும்பத்தில் பலருக்கு இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

"ஆண்களுக்கு வருமா?"
அபூர்வமாக வரும். 100 நோயாளிகளில் ஒருவர் ஆண். மார்பில் கட்டி வந்தால் அண்ணன்மாரும் காட்ட வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

மாதம் ஒருமுறை, மாதவிலக்கு முடிந்த சில நாட்களில், மூன்று விரல்களின் பரப்பால் மார்பகம் முழுவதையும் அக்குள் வரை தடவிப் பாருங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் மாறும்போது தெரியும்.

1. மார்பிலோ அக்குளிலோ கட்டி
2. தோல் குழி விழுதல், ஆரஞ்சுத் தோல் மாதிரி தடித்தல்
3. காம்பு புதிதாக உள்வாங்குதல்
4. காம்பிலிருந்து இரத்தமோ நீரோ கசிதல்
5. ஆறாத புண்
6. ஒரு பக்கம் மட்டும் அளவிலோ வடிவிலோ மாறுதல்

இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். செலவு கிடையாது. பயிற்சி பெற்ற கையின் மதிப்பு பெரிது. மும்பையில் 1,50,000-க்கு மேற்பட்ட பெண்களை 1998-லிருந்து இருபது வருடம் கவனித்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் பரிசோதித்தவர்களுக்கு நோய் முன்னதாகவே தெரிந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்நோயால் வரும் சாவு 100-க்குச் சுமார் 30 பங்கு குறைந்தது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை. கையும் அக்கறையும்தான்.

மேல் சிகிச்சைக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கின்றன. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்று உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் 1954 முதல் இயங்கி வருகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இனி ஆண்களுக்கு. மனைவி வெட்கத்தை விட்டு உங்களிடம் ஒன்றைச் சொல்லும்போது "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை நாளா இருக்கு? நாளைக்கே போவோம்" என்று சொல்லுங்கள். கூடவே போங்கள். சிகிச்சையில் முடி கொட்டினாலும், மார்பகத்தை எடுக்க நேர்ந்தாலும், அவள் உங்கள் மனைவிதான், உங்கள் பிள்ளைகளின் தாய்தான் என்பதை நடத்தையில் காட்டுங்கள். மாத்திரை டப்பாவைத் தினம் எடுத்துக் கொடுங்கள்.

பெரியம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. மருமகள் சொல்லத் தயங்கினால் நீங்களே கேளுங்கள். நீங்களும் காட்டுங்கள். ஐம்பதுக்கு மேல் உள்ளவர்களுக்குத்தான் பரிசோதனையால் அதிகப் பலன்.

அறுப்பு ஒரு வாரம் காத்திருக்கும். இரட்டிக்கும் செல் காத்திருக்காது. கட்டி தட்டுப்பட்டால் இருவரும் சேர்ந்து வாருங்கள்.